ஒரு ஊசி போதும்னு முடிவு பண்ணினோம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
ஆனி மாசம், வெள்ளிக்கிழமை

என் கண்ணு கலைவாணிக்கு அம்மா எழுதிக்கறது. நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம். இந்தத் தடவை அது வாய் வார்த்தைக்குச் சொல்றது இல்ல, மெய்யாலுமே நல்லா இருக்கேன், அதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். நீயும் மாப்பிள்ளையும் டொரொண்டோவுல உடம்பும் மனசுமா சொகமா இருக்கணும்னு காமாட்சியம்மாவை வேண்டிக்கினு எழுதறேன். போன்லயே சொல்லலாமேன்னு நீ நெனைப்பே. போன்ல நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ ரெண்டு கேப்பே, அப்புறம் நீ அழுவே, உன் கூட சேந்து நானும் அழுதுட்டு சொல்ல வந்ததை அப்படியே விட்டுடுவேன். அதனால பேப்பர்ல எழுதறேன், அப்பா பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பறேன்னாரு. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல நம்பர் போட்டிருக்கேன், அவரு மாத்தி அனுப்பினாலும் நீ சரியா அடுக்கிப் படி. முழுசா படிச்சுட்டுக் கூப்பிடு, பாதியில கூப்பிடாதே.

முதல்ல நீ கோவமா இருக்கிற விஷயம். தீபாவளிக்கு வந்தப்போ என் கையில ஒரு வில்லை ஒட்டி விட்டுட்டுப் போனியே, காசு மாதிரி வட்டமா, சுகரைப் பாத்துப் பாத்து என் போனுக்கும் உன் போனுக்கும் அனுப்பிக்கினே இருக்குமே, அது போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்து உனக்கு வரலைன்னு அப்பாகிட்ட சத்தம் போட்டியாம். வில்லை கெட்டுப் போகலை. நெட்டும் போகலை. அப்பா எதையும் தப்பா அமுக்கலை, பாவம் அவரைத் திட்டாதே. நான்தான் உன் போனுக்கு அனுப்பறதை நிறுத்தச் சொன்னேன். வில்லை இப்பவும் என் கையிலதான் இருக்குது, பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை மாத்திக்கினுதான் இருக்கேன். ஏன் நிறுத்தினேன்னு நீ புரிஞ்சுக்கணும்னா மாசித் தேர் அன்னிக்கு நடந்ததுலேர்ந்து சொல்லணும். அன்னிக்கு சுகர் இறங்கினது உனக்குத் தெரியும். எப்படி இறங்கினது, அதுக்கப்புறம் டாக்டரம்மா ரூம்ல இன்னா பேசினோம்ங்கறதெல்லாம் உனக்குத் தெரியாது. அப்பாவும் முழுசா சொல்லியிருக்க மாட்டாரு.

நீ பாத்துப் பாத்து மெட்ராஸ் டாக்டர்கிட்ட எனக்கு ஏற்பாடு பண்ணினே. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. மூணு மாசத்துச் சராசரி சுகர் ஒன்பதுக்கு மேல இருந்தவளை ஆறே காலுக்குக் கொண்டாந்தாரு, தை மாசம் ரிப்போர்ட் வந்தப்போ நீ அங்க கேக் வெட்டினேன்னு மாப்பிள்ளை சொன்னாரு. ஆனா அந்த டாக்டர் என்னைப் பாத்தது எல்லாம் போன் வீடியோவுலதான். அப்பா போனைப் பிடிச்சுக்கினு நிப்பாரு, நீ ஒரு கட்டத்துல, டாக்டரு ஒரு கட்டத்துல, ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசுவீங்க, நான் முந்தானையைச் சரி பண்ணிக்கினு உங்க ரெண்டு பேர் வாயையும் மாத்தி மாத்திப் பாப்பேன். கடைசியில நீ அம்மா புரிஞ்சுதான்னு கேப்பே. புரிஞ்சுதும்மான்னு சொல்லுவேன். நாலு வேளை ஊசின்னு புரிஞ்சுது, எத்தினி யூனிட்டுன்னு புரிஞ்சுது. நான் தறியில உக்காந்தா காலையில சாப்பிடற நேரம் எப்போ வரும்னு எனக்கே தெரியாதுங்கறதை யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. அவரு மேல தப்பு இல்ல, அவருக்குத் தெரிஞ்சது அந்த வில்லை போன்ல போட்டுக் காட்டற சுகர் கோடும் நீ சொன்னதும்தான்.

கலை, இதை நான் சொன்னா உனக்கு வருத்தமா இருக்கும், ஆனா சொல்லாம விட்டா மத்தது எதுவும் புரியாது. அந்தக் கோடு மேல ஏறினா நீ கூப்பிடுவே. அம்மா இன்னா சாப்பிட்டேன்னு கேப்பே. நீ கோவமா கேக்கலை, பாசமாத்தான் கேட்டே. ஆனா எனக்கு அது பரீட்சையில பெயிலான மாதிரி இருக்கும். அதனால உன் போன் வரக்கூடாதுன்னு நான் சோத்தைக் குறைக்க ஆரம்பிச்சேன். ஊசியை மட்டும் சொன்ன அளவுக்குப் போட்டுக்குவேன், இட்லியை ரெண்டை ஒண்ணாக்குவேன். கோடு தட்டையா போவும், நீ சூப்பர்மான்னு மெசேஜ் போடுவே, எனக்கு அது போதும்னு இருந்துது. நடுவுல கை நடுங்கும், வேர்க்கும், புடவையோட பார்டரைச் சேக்கற கோர்வைக்கு நான் அப்பா பக்கத்துல உக்காந்து நாடாவைத் தள்ளறப்போ கண்ணுக்கு முன்னாடி இழை ரெண்டு ரெண்டா தெரியும். அப்பா இன்னாம்மா ஆச்சுன்னு கேட்டா வெயில்னு சொல்லிடுவேன். போகப் போக அந்த நடுக்கமும் வரலை. அது நல்லதுன்னு நெனைச்சுக்கினேன். சுகர் இறங்கினா உடம்பு முன்னாடியே சொல்ற அந்த எச்சரிக்கை போயிடுதாம், அதுதான் ரொம்ப ஆபத்தாம், பின்னாடி டாக்டரம்மா சொன்னாங்க.

தேர் அன்னிக்கு நானும் எதிர்வீட்டு காந்தாவும் காலையிலயே கிளம்பினோம். ஊசி போட்டுக்கினு ஒரு இட்லி சாப்பிட்டேன், தேர் பாத்துட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிட்டுக்கலாம்னு. ராஜ வீதியில கூட்டம்னா கூட்டம், வடம் பிடிக்கறவங்க சத்தம், மேளம், அதுல என் பைக்குள்ள போன் அடிச்சுக்கினே இருந்தது எங்க ரெண்டு பேருக்கும் கேக்கலை. தேர் திரும்பற முக்குல நின்னுக்கினு இருக்கேன், எனக்கு ஞாபகம் இருக்கறது அவ்ளோதான். மிச்சம் காந்தா சொன்னது. நான் திடீர்னு அவளைப் பாத்து யாரு நீ, என் கையை விடுன்னு கத்தினேனாம். வீட்டுக்குப் போறேன்னு தேர் சக்கரம் இருக்கிற பக்கமா நடந்தேனாம். அவ என் இடுப்பைப் பிடிச்சு இழுத்து ஓரமா உக்கார வெச்சிருக்கா, நான் நடுரோட்டுல காலை நீட்டிக்கினு சிரிச்சேனாம். பக்கத்துல ஒரு அம்மா சாமி வந்திருக்குது, கற்பூரம் காட்டுங்கன்னாங்களாம். நல்ல வேளை காந்தாவுக்கு அவ வீட்டுக்காரரு சுகர்ல இப்படித்தான் ஒரு தடவை உளறினாருன்னு நெனப்பு வந்துது. அங்க நீர்மோர்ப் பந்தல்ல பானகம் குடுத்துக்கினு இருந்திருக்காங்க, ஓடிப்போய் வாங்கியாந்து என் தலையைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வெச்சா. ரெண்டு டம்ளர் உள்ள போன பிறகு எனக்கு அவ முகம் தெரிஞ்சுது. புடவையெல்லாம் வெல்லத் தண்ணி. அழுதுக்கினு இருந்தா. ஏண்டி அழுவறேன்னு அவளைக் கேட்டேன்.

அந்த நேரம் உனக்கு இன்னா ஆச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. உனக்கு அங்க படுக்கற நேரம், உன் போன்ல மணி அடிச்சிருக்குது, நீ எனக்குப் போட்டிருக்கே, எடுக்கலை, அப்பாவுக்குப் போட்டிருக்கே, அவரு போனைச் சமையக்கட்டுல வெச்சுட்டுத் தறியில உக்காந்துட்டாரு, தறிச் சத்தத்துல இன்னா கேக்கும். கோடு கீழ கீழ போயிக்கினே இருந்து அப்புறம் ஒண்ணுமே காட்டலையாம். நீ அடுப்படித் தரையில உக்காந்துட்டேன்னும், அம்மா போயிட்டா, அம்மா போயிட்டான்னு சொல்லிக்கினே இருந்தேன்னும் மாப்பிள்ளை சித்திரை மாசம்தான் அப்பாகிட்ட சொன்னாரு. கண்ணு, அதைக் கேட்ட பிறகு எனக்கு மூணு நாள் சோறு இறங்கலை. சுகருக்காகக் குறைக்கலை, இது வேற.

காந்தா என்னை ஆட்டோவுல ஏத்தி பக்கத்துல எந்த டாக்டர் இருக்காங்களோ அங்க போன்னு சொல்லி, அப்படிப் போனதுதான் டாக்டரம்மா காயத்ரி கிளினிக். சின்ன கிளினிக்தான், நடு வயசுக்காரங்க, கண்ணாடி போட்டுக்கினு மெதுவா பேசுவாங்க. அன்னிக்கு அவங்க அதிகமா ஒண்ணும் கேக்கலை. சுகர் பாத்தாங்க, பிஸ்கட்டும் பாலும் குடுத்து உக்கார வெச்சாங்க, ஏறினது நிக்குதான்னு மறுபடியும் பாத்தாங்க, ரெண்டு வேளை ஊசியோட அளவை உடனே குறைச்சாங்க. அப்புறம், இதை இப்படியே விட முடியாதும்மா, கூட்டம் இல்லாத மத்தியான நேரமா வாங்க, யாரு வந்தா உங்களுக்குத் தைரியமோ அவங்களைக் கூட்டிக்கினு வாங்க, உக்காந்து பேசணும்னாங்க. டாக்டர் உக்காந்து பேசணும்னு சொன்னதும் பெரிய வியாதி இன்னாவோ வந்துடுச்சுன்னு நெனைச்சுக்கினேன்.

அப்பாவோட போனேன். டாக்டரம்மா என்னைப் பாத்துதான் கேட்டாங்க, அப்பாதான் பதில் சொன்னாரு. எத்தினி மணிக்கு எழுந்துப்பீங்கன்னு கேட்டா அஞ்சு மணிக்கு எழுந்துப்பாங்கன்னு இவரு. இன்னா சாப்பிடுவீங்கன்னா இவரு. அவங்க சிரிச்சுக்கினே, ஐயா, கொஞ்சம் அவங்க சொல்லட்டுமேன்னாங்க. அப்பா வாயை மூடிக்கினாரு, நான் முந்தானையைச் சுருட்டிக்கினு இருந்தேன். அவங்க காத்துக்கினு இருந்தாங்க. அவசரப்படுத்தலை, போனைப் பாக்கலை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க பாரு கலை, இந்த சுகர் வியாதியில உங்களுக்கு ரொம்ப பயமா இருக்கறது எதுன்னு. இத்தினி வருஷமா சுகர் இருக்குது, என்னை யாரும் இதைக் கேட்டதில்ல. நான் எங்க அக்கா கண்ணுன்னு சொன்னேன். சொல்லிட்டு அழுதுட்டேன். தாமல்ல இருக்கிற உன் பூவம்மாள் பெரியம்மா சுகர்ல கண்ணு போயி சுவத்தைத் தடவிக்கினு நடக்கறதை நான் பாக்காத நாளா. அதனாலதான் மெட்ராஸ் டாக்டர் எத்தினி ஊசி சொன்னாலும் சரின்னேன், சோத்தைக் குறைச்சாலும் பரவால்லன்னு இருந்தேன், மயங்கி விழுந்தாலும் எழுந்துக்கலாம், கண்ணு போனா வருமா. இதை நான் உன்கிட்டயும் சொன்னதில்ல, அப்பாகிட்டயும் சொன்னதில்ல. அப்பா என்னையே பாத்துக்கினு இருந்தாரு.

அப்புறம் எல்லாம் சொன்னேன். ஊசியைப் போட்டுக்கினு சோத்தைக் குறைக்கறதையும் சொன்னேன், ஏன் குறைக்கறேன்னும் சொன்னேன். திட்டுவாங்கன்னு நெனைச்சேன். அவங்க, சொன்னது நல்லதாப் போச்சும்மா, இது தெரியாம நான் எந்த மருந்து குடுத்தாலும் தப்பாத்தான் போயிருக்கும்னாங்க. உங்களுக்கு மூணு வழி இருக்குது, மூணுலயும் நல்லதும் இருக்குது கெட்டதும் இருக்குதுன்னு பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. நாலு ஊசியையே அளவு சரி பண்ணிப் போட்டுக்கலாம், சுகர் நல்லா கட்டுப்படும், ஆனா நேரத்துக்கு அளந்து சாப்பிட்டே ஆவணும், தேர் அன்னிக்கு ஆன மாதிரி ஆவறதுக்கு வாய்ப்பு அதிகம். இல்லன்னா நாள் பூராவும் மெதுவா வேலை செய்யற ஊசி ஒண்ணு, கூட மாத்திரை, அதுல மூணு மாச சுகர் ஏழரை பக்கம் நிக்கும், ஆறே கால் வராது, ஆனா திடீர்னு இறங்கறது ரொம்பக் குறையும். ஊசியே வேணாம் வெறும் மாத்திரைன்னாலும் முடியும், ஆனா பழையபடி ஏறினா கண்ணுக்கு நல்லதில்ல, அதுல எனக்கு இஷ்டம் இல்லன்னு அவங்க மனசையும் மறைக்காம சொன்னாங்க. உங்க வயசுக்கும் உங்களுக்கு வந்த மயக்கத்துக்கும் ஏழரை மோசம் இல்லம்மான்னாங்க.

உங்கப்பாவுக்கு இது ஒண்ணும் பிடிக்கலை. ஆறே காலுன்னு மெட்ராஸ்ல பாராட்டினாங்க, நீங்க ஏழரைக்கு ஏத்தலாம்னு சொல்றீங்களேன்னாரு. நானும் சும்மா இல்ல. டாக்டரம்மா, நாங்க படிக்காதவங்க, நீங்க ஒண்ணைச் சொல்லுங்க, நாங்க செய்யறோம், எங்களைப் போய்க் கேக்கறீங்களேன்னு கொஞ்சம் கோவமாவே சொல்லிட்டேன். அதுக்கு அவங்க, மருந்து இன்னா செய்யும்னு எனக்குத் தெரியும், உங்க வீட்டுல காலையில இன்னா நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும், நான் தனியா முடிவு பண்ணினா நீங்க தலையாட்டிட்டுப் போயி வேற மாதிரி செய்வீங்கன்னாங்க. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு, அதைத்தானே செஞ்சுக்கினு இருந்தேன். சரி, உங்க அம்மாவா இருந்தா இன்னா சொல்லுவீங்கன்னு கேட்டேன். எங்க அம்மாவுக்கு ரெண்டாவது வழியைத்தான் சொல்லுவேன், ஆனா எங்க அம்மாவுக்குக் கண்ணு போன அக்கா இல்ல, அந்த பயத்தோட எடை உங்களுக்குத்தான் தெரியும், அதனால இன்னிக்கு முடிவு பண்ணவே வேணாம், முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க, உள்ளே எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கினு பேசுவோம்னாங்க. வெளிய வந்ததும் அப்பா, வைத்தியம் தெரியாதவங்கதான் நம்மளைக் கேப்பாங்கன்னு முணுமுணுத்துக்கினே வந்தாரு. எனக்கு மட்டும் இன்னாவோ நெஞ்சு லேசான மாதிரி இருந்துது.

கண் ஆஸ்பத்திரிக்கு காந்தா வந்தா. சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடிச்சுப் பாத்தாங்க. அங்க உக்காந்திருந்த நேரம் இருக்கே, உன்னைப் பெத்தப்போ கூட நான் அப்படிச் சாமியைக் கூப்பிட்டதில்ல. ரெண்டு சின்னப் புள்ளி இருக்குது, இப்போதைக்கு பயப்பட ஒண்ணும் இல்ல, லேசர், கண்ணுல ஊசி எதுவும் தேவையில்ல, வருஷா வருஷம் தவறாம காட்டுங்கன்னாங்க. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாங்க. வெளிய வந்து வெயில் கண்ணைக் கூசுது, சொட்டு மருந்துல எல்லாம் மங்கலா தெரியுது, நான் காந்தா தோளைப் பிடிச்சுக்கினு நடந்துக்கினே எனக்குக் கண்ணு நல்லாருக்குதுடி நல்லாருக்குதுடின்னு சொல்லிக்கினு வரேன், ரோட்டுல போறவங்க பாத்துட்டு இன்னா நெனைச்சாங்களோ.

அதுக்கப்புறம் முடிவு பண்றது கஷ்டமா இல்ல. ஒரு ஊசி, கூட மாத்திரைன்னு நானே போய்ச் சொன்னேன். அதுலயும் நாங்க ரெண்டு பேரும் பேரம் பேசினோம், புடவைக் கடையில பேசற மாதிரி. அவங்க ராத்திரி ஊசின்னாங்க, எனக்குத் தூக்கத்துல இறங்கிடுமோன்னு பயமா இருக்குதுன்னேன், சரி காலையிலயே போட்டுக்கலாம், ஆனா தினமும் ஒரே நேரத்துக்குப் போடணும்னாங்க, தறிக்கு உக்கார்றதுக்கு முன்னாடின்னு வெச்சுக்கினோம். ராத்திரி சோறு வேணாம்னாங்க, ஒத்துக்கினேன். வெள்ளிக்கிழமை கோயில் பொங்கலை விட மாட்டேன்னேன். எவ்ளோ சாப்பிடுவீங்கன்னாங்க, ஒரு தொன்னைன்னேன், ஒரு தொன்னைதானே, சாப்பிடுங்க, அன்னிக்கு வேற எதைக் குறைப்பீங்கன்னாங்க. காலை இட்லியில ஒண்ணுன்னேன், அதுக்கு மேல குறைக்காம, உங்களுக்கு முன்னாடி பதில் சொல்ற உங்க அப்பா பக்கத்துல இருந்து பாக்கட்டும்னு அவரைப் பாத்துக் கிண்டலா சொன்னாங்க. நான் அவரு எங்க அப்பா இல்ல, என் வீட்டுக்காரருன்னேன், தெரியும்மான்னு சிரிக்கறாங்க. அப்பாவும் அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்த ரூம்ல சிரிச்சாரு. மூணு மாசம் பாப்போம், ஒத்து வரலைன்னா மாத்திக்கலாம், இது கல்வெட்டு இல்லன்னாங்க.

ஆரம்பத்துல சரியா போகலைங்கறது உனக்கே தெரியும். பங்குனியில வெறும் வயித்துலயே எரநூறு காட்டுச்சு, நீ அங்க தவிச்சே, மெட்ராஸ் டாக்டர்கிட்டயே திரும்பிப் போன்னு அப்பாவைப் போட்டு அரிச்சே. எனக்கும் பயம்தான். ஆனா இந்தத் தடவை நான் சோத்தைக் குறைக்கலை, போனை எடுத்து டாக்டரம்மாவை நானே கூப்பிட்டேன். என் பேரைச் சொல்லி, இப்படிக் காட்டுது, இதைச் சாப்பிட்டேன், இதுதான் செய்யறேன்னு நானே சொன்னேன். ஊசியில ரெண்டு யூனிட்டு ஏத்திப் பாக்கலாமான்னு அவங்க கேட்டாங்க, பாக்கலாம்னேன். ஒரு வாரத்துல இறங்குச்சு. மெட்ராஸ் டாக்டர்கிட்டயும் அவங்களே பேசினாங்க. அவரும் பெரிய மனுஷன், தேர்ல நடந்தது எனக்குத் தெரியாதே, தெரிஞ்சிருந்தா நானும் இப்படித்தான் மாத்தியிருப்பேன்னாராம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். போன திங்கட்கிழமை மூணு மாச சுகர் ரிசல்ட் வந்துது. ஏழு புள்ளி நாலு. மூணு மாசத்துல ஒரே ஒரு தடவைதான் கொஞ்சம் இறங்குச்சு, அதுவும் எனக்கு முன்னாடியே கை நடுங்கி தெரிஞ்சுது, நானே எழுந்து போய் சக்கரைத் தண்ணி குடிச்சேன். போன அந்த எச்சரிக்கை திரும்பி வந்துடுச்சுன்னு டாக்டரம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம். பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், கல்யாணம் பாத்தேன், ஒண்ணும் ஆகலை. கோர்வைக்கு உக்காந்தா இழை ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுது. அப்பா இப்பல்லாம் காலையில ஊசி போட்டாச்சான்னு கேக்கறதோட, சாப்பிட்டியான்னும் கேட்டுட்டுத்தான் தறியில இறங்கறாரு.

ரிசல்ட்டைக் காட்டிட்டு டாக்டரம்மாகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். மாப்பிள்ளை ஆனந்தராஜ் அப்பாகிட்ட சொன்னதையெல்லாம் சொன்னேன். நீ போனைத் தலையணைக்குக் கீழ வெச்சுக்கினு தூங்கறதையும், என் கோடு கொஞ்சம் அசைஞ்சாலும் எழுந்து உக்கார்றதையும், ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல எழுந்து ஓடினதையும், தலைவலி தாங்காம அங்க டாக்டரைப் பாத்ததையும். அவங்க எல்லாத்தையும் கேட்டுக்கினாங்க. அப்புறம், சுகர் இறங்கினா வந்து பானகம் குடுக்கக்கூடியவங்க யாரும்மா இருக்காங்கன்னு கேட்டாங்க. உங்கப்பா இருக்காரு. எதிர்ல காந்தா இருக்கா. அப்போ மணி அவங்களுக்கு அடிக்கட்டுமா, இல்ல பொண்ணுக்கும் சேத்து அடிக்கட்டுமா, நீங்க சொல்லுங்கன்னாங்க. நான் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ரொம்ப யோசிச்சேன். ராத்திரி பூரா நீ பாத்துக்கினு இருக்கேங்கறது எனக்கும் ஒரு தைரியம்தான் கண்ணு, இல்லன்னு சொன்னா பொய். ஆனா நீ அங்க இருந்துக்கினு அதைப் பாத்து இன்னா செய்ய முடியும், தவிக்கத்தான் முடியும். என் வியாதிக்கு ஒருத்தி மாத்திரை சாப்பிட்டா போதும். நிறுத்திடுங்கன்னேன். கிளினிக் நர்ஸே போன்ல மாத்திக் குடுத்தா. இப்போ இறங்கினா அப்பா போன்லயும் காந்தா போன்லயும் அடிக்கும், அப்பா போனை இப்போ தறிக்குப் பக்கத்துலயே ஆணி அடிச்சு மாட்டியிருக்காரு. அடிச்சா கேக்குதான்னு காந்தா தினம் எதிர்லேர்ந்து கூப்பிட்டுப் பாக்கறா, அது ஒரு தொல்லை.

உன்னைத் தள்ளி வெக்கறேன்னு மட்டும் நெனைச்சுடாதே. மாசா மாசம் டாக்டரம்மா குடுக்கற ரிப்போர்ட்டை அப்பா உனக்கு அனுப்புவாரு, அடுத்த தடவை நான் டாக்டர்கிட்ட போறப்போ நீயும் போன்ல வா, தமிழ்லயே பேசலாம், நீ கேக்கறதை நீ கேளு, நான் சொல்றதை நான் சொல்றேன். முடிவு பண்ற இடத்துல நீயும் இரு. தினம் தினம் காவல் காக்கற வேலை மட்டும் வேணாம். இந்த ஒன்பது மாசத்துல நீ எனக்குப் போன் பண்ணினதும் முதல் வார்த்தை எவ்ளோ காட்டுதுன்னுதான். நானும் நம்பரைச் சொல்லிட்டு வெச்சுடுவேன். உனக்கு வேலை எப்படிப் போவுது, புது வீட்டுல வெளிச்சம் வருதா, மாப்பிள்ளை சமைக்கறாரா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. என் பொண்ணு எப்படி இருக்கான்னு என் மாப்பிள்ளைதான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்குது. அது எனக்கு சுகரை விட பெரிய கவலையா இருந்துது, இப்போதான் வாயைத் திறந்து சொல்றேன்.

மத்தபடி இங்க எல்லாரும் சொகம். பூவம்மாள் பெரியம்மா உன்னைக் கேட்டாங்க, தாமல் ஏரியில தண்ணி நிக்குதாம், நீ வந்தா கூட்டிக்கினு வரச் சொன்னாங்க. உன் தலைவலிக்கு அங்க டாக்டர் ஏதோ மாத்திரை குடுத்திருக்காங்களாமே. குடுத்தாங்கன்னு வாங்கிக்கினு வந்துடாதேம்மா. எது எதுக்கு, வேற வழி இருக்குதான்னு கேளு, உன் நாள் எப்படிப் போவுதுன்னு அவங்ககிட்ட சொல்லு, நீ படிச்சவ, வாய் இருக்குது, என்னை மாதிரி தலையாட்டிட்டு வராதே. நம்ம வீட்டு ரத்தத்துல சுகர் இருக்குதுன்னும் மறக்காம சொல்லி ஒரு தடவை பாத்துக்கோ. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல்லு, அவரு அப்பாகிட்ட சொன்னதுக்கு அவரைத் திட்டாதே, அவரு சொன்னது நல்லதுக்குத்தான். நீங்க ரெண்டு பேரும் நிறைஞ்ச ஆயுசோட, மனசு நிம்மதியா, ஒருத்தர் கையை ஒருத்தர் விடாம நல்லா இருக்கணும், காமாட்சி உங்களுக்குத் துணை இருப்பா. ஞாயித்துக்கிழமை கூப்பிடு, இந்தத் தடவை நான்தான் முதல்ல கேப்பேன், நீ நல்லா தூங்கினியான்னு.

இப்படிக்கு,
உன்னை எப்பவும் நெனைச்சுக்கினு, வேளைக்கு வயிறாரச் சாப்பிடற
உன் அம்மா
கு. இந்திராணி